தலைகீழ் வரிசை

சிறை, மூன்றாம் பிளாக்
அக்டோபர் 9

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போடத் தோன்றும் உனக்கு. போட்டுவிடாதே. பணம் கேட்கவில்லை. பார்க்க வா என்றும் கேட்கவில்லை. புத்தகம் கேட்கிறேன். ரெய்னோ புத்தகம் கேட்கிறான் என்றால் உனக்கே சிரிப்பு வரும்; சிரித்துவிட்டு மேலே படி.

இங்கே சில வருஷமாக ஒரு வகுப்பு நடக்கிறது. கிளேபோர்ன் என்றொருவர், டெலிபோன் கம்பெனியில் புரோகிராம் எழுதி ஓய்வு பெற்றவர், வியாழக்கிழமைதோறும் வருகிறார். எட்டுப் பேருக்குத்தான் இடம். சேர்ந்துவிட்டால் கம்பி போடாத விடுதிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கிருந்தபடியே வெளிக் கம்பெனிகளுக்கு வேலை செய்யலாம். பரோல் போர்டும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். முடித்தவர்களில் பாதிப் பேர் தண்டனைக் காலத்தில் இரண்டு வருஷம் குறைந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

நுழைவுத் தேர்வு மார்ச்சில். கம்ப்யூட்டரைத் தொட விடமாட்டார்கள், பேப்பரும் பென்சிலும்தான். அதனால்தான் ஃபங்ஷனல் புரோகிராமிங்கை எடுத்துக்கொண்டார்களாம். அதில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் கடைசிவரை அது மாறாது, ஆகவே மெஷின் இல்லாமலே காகிதத்தில் வரிவரியாகப் போட்டுப் பார்த்து விடை காணலாம் என்று அறிவிப்பில் எழுதியிருந்தது. படித்ததும் உன் நினைவுதான். தட்டில் கறி அடைத்த பேஸ்டி ஆறுகிறது என்று அம்மா கத்தக் கத்த, நீ நாப்கினில் இதைத்தானே கிறுக்கிக்கொண்டிருப்பாய்?

இங்கே இணையம் கிடையாது. நூலகத்தில் இருப்பது அட்டை போன ஒரே புத்தகம், அதுவும் வேறு எதையோ பற்றியது. தேர்வு எழுதப் போகும் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பெயர் சொல்கிறார்கள், ஒருவனும் படித்தவனில்லை. ஒன்றுமே தெரியாதவன் எதில் தொடங்கி எந்த வரிசையில் போக வேண்டும்? நீ ஊருக்கே சொல்லிக் கொடுக்கிறவள். கடையிலிருந்து நேராக வர வேண்டும், கெட்டி அட்டை கூடாது. அதுதான் விதி.

கோர்ட்டில் நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் எழுதவில்லை. உன் கை எப்படி இருக்கிறது?

உன் தம்பி,
ரெய்னோ


ஹௌட்டன்
அக்டோபர் 21

ரெய்னோ,

கை இருக்கிறது. வலது தோளிலிருந்து தொங்குகிறது. சட்டை போடும்போது முதலில் அதைத்தான் உள்ளே நுழைக்க வேண்டும், தூங்குகிற குழந்தைக்குப் போட்டுவிடுவது போல. இந்தக் கடிதத்தை இடது கையால் தட்டுகிறேன். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டாம்.

எழுதக் கூடாது என்று வக்கீல் சொன்னது உனக்குத்தான், எனக்கில்லை. வருகிற தபாலை நகலெடுத்துத்தான் உங்களிடம் கொடுப்பார்களாமே. நல்லது, நகலெடுக்கிறவரும் படிக்கட்டும். நீ குடித்திருந்தாய். ஆற்றுப்பால வளைவில் காரைக் கொண்டுபோய் மரத்தில் விட்டாய். பிறகு சத்தியம் செய்து கூண்டில் ஏறி, "அக்காதான் பயந்துபோய் ஸ்டீரிங்கப் புடிச்சு இழுத்துட்டா" என்றாய். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. ஜூரியில் பின்னல் பையோடு உட்கார்ந்திருந்த பெண்மணியைப் பார்த்துச் சொன்னாய். அவளும் 'பாவம் பையன்' என்பதுபோல் தலையாட்டினாள். பன்னிரண்டு வருஷம் வர வேண்டியது ஏழாகச் சுருங்கியது அந்தத் தலையாட்டலில்தான்.

புத்தகம் வரும். ஏன் அனுப்புகிறேன் என்று கேட்காதே. எல்லோரும் இதில்தான் தொடங்குவார்கள். ஒரு வரி விடாமல் படி. புரியவில்லை என்றால் கோளாறு புத்தகத்தில் இல்லை.

அக்கா என்று எழுதாதே.

ஐலி


டிசம்பர் 12

ஐலி,

புத்தகம் வந்தது. நன்றி. உபசாரத்துக்குச் சொல்லவில்லை.

எங்கே புரட்டினாலும் அம்புக்குறி. ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு அம்பு, அங்கிருந்து மூன்றாவதற்கு ஒன்று, அடியில் 'இது வெளிப்படை' என்று ஒரு வரி. எது வெளிப்படை? முதல் அத்தியாயத்தைக் கையாலேயே திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துவிட்டேன். மனப்பாடம் ஆகிவிட்டது, மண்டையில்தான் ஏறவில்லை.

மேல் படுக்கையில் லமாண்ட் என்று ஒரு டெட்ராய்ட்காரன். எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, தப்பிச்சுப் போறதுக்கு மேப்பா?" என்றான்.

"புரோகிராமிங்டா."

"இதுல எங்கடா புரோகிராம்? ஒரு நம்பர்கூட காணோம். உங்க அக்காவுக்கு உம்மேல ஏதாவது காண்டா?"

"வாய மூடு. அவ அப்படிப்பட்டவ இல்ல. முன்னப்பின்ன தெரியாதவனுக்கெல்லாம் உக்காந்து சொல்லிக் குடுக்கறவ" என்றேன். ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை.

கிளேபோர்னைக் கேட்கலாமென்றால், வகுப்பில் சேர்ந்தவர்களோடும் தேர்வு எழுதி முடித்தவர்களோடும் மட்டும்தான் அவர் பேசலாம். உன்னைத் தவிர எனக்குக் கேட்க ஆளில்லை. மோனாட், மோனாட் என்று வருகிறதே, அது என்ன? இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இது உண்மையிலேயே தொடங்குகிறவர்களுக்கான புத்தகம்தானா? சந்தேகத்தில் கேட்கவில்லை. மார்ச்சுக்குள் தேறுவேனா என்ற பயத்தில் கேட்கிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து. கைக்குக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கிறது. உறை போட்டுக்கொள்.

ரெய்னோ


ஜனவரி 8

ரெய்னோ,

என் வகுப்பில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தை இரண்டு வாரத்தில் முடிக்கிறார்கள். அவர்களுக்குக் காதல் இருக்கிறது, ஹாக்கி இருக்கிறது, பகுதிநேர வேலை இருக்கிறது. உனக்குச் சுவரைத் தவிர என்ன இருக்கிறது?

மோனாட் என்றால் என்னவென்று புரிந்துகொண்ட ஒவ்வொருவனும் மறுநாளே உட்கார்ந்து ஒரு விளக்கம் எழுதுவான். அதைப் படிக்கிறவனுக்கு இருந்த கொஞ்சத் தெளிவும் போய்விடும். எனக்கு அந்த ஆசை எப்போதோ தீர்ந்துவிட்டது. நீயே கண்டுபிடி.

அடுத்த புத்தகம் வருகிறது. தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாமல் வைத்திருப்பதைப் பற்றியது. கணக்கை எழுதி ஒரு உறையில் போட்டு ஒட்டி வைக்கிறோம் என்று வைத்துக்கொள். யாராவது விடை கேட்டால்தான் உறையைப் பிரிப்போம். கேட்காவிட்டால் ஒட்டியபடியே கிடக்கும். எல்லாவற்றையும் கடைசி நிமிஷம்வரை தள்ளிப் போடுகிறவனுக்குப் பிடிக்கும்.

இங்கே பனி இடுப்பளவு. ஒரு கையால் வாசலை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கிழவர் மண்வெட்டியோடு வந்து, "கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார். "ஒருத்தன் இருந்தான்" என்றேன். மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். நானும் திருத்தவில்லை.

ஐலி


பிப்ரவரி 19

ஐலி,

மூன்றாவதும் வந்தது. இரண்டாவதில் உறை, பிரிப்பது என்று நீ சொன்னதுவரை புரிந்தது, அதற்கு மேல் இருட்டு. மூன்றாவதில் அதுவும் இல்லை.

சாப்பாட்டு வரிசையில்கூட புத்தகத்தோடு நிற்கிறேன். பசங்க புரொபசர் என்று கூப்பிடுகிறார்கள். கேலிதான், ஆனால் ஒருவன் நிஜமாகவே நம்பி என்னிடம் பாடம் கேட்க வந்தான். அவன் கேட்ட முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நேராகச் சொல். எனக்கு இது வராதா?

ரெய்னோ


பிப்ரவரி 27

வராது.

ஐலி


மார்ச் 20

ஐலி,

தோற்றுவிட்டேன். உனக்குத் தெரியாதா என்ன.

முதல் கேள்வி: ஒரு பட்டியலில் உள்ள எண்களைக் கூட்ட ஒரு ஃபங்ஷன் எழுது. அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு என்று நினைத்து எழுதினேன். முதல் எண்ணை எடு, மிச்சப் பட்டியலின் கூட்டுத்தொகையோடு சேர், மிச்சத்துக்கும் அப்படியே செய். போதாததற்கு அடியில் இரண்டு பக்கம் அம்புக்குறி வேறு. பூஜ்யம் போட்டிருந்தார்கள்.

தோற்றவர்களை கிளேபோர்ன் கூப்பிட்டு ஐந்து நிமிஷம் பேசுவார். என் தாளைக் காட்டி, "பட்டியல் காலியாயிடுச்சுன்னா என்ன பண்ணணும்னு எங்கப்பா எழுதியிருக்க?" என்றார்.

எழுதவில்லை.

"அப்போ இது எங்க போயி நிக்கும்?"

நிற்காது.

"மேல ஏழு மாடி கட்டியிருக்க, கீழ வாசப்படியே இல்லையேப்பா. காலிப் பட்டியலுக்குப் பூஜ்யம்னு ஒரு வரி. முதல் பாடம் அதுதான். எந்தப் புத்தகம் படிச்ச?"

மூன்றின் பெயரையும் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் பையிலிருந்து இணையத்தில் எடுத்த ஒரு தாளைக் கொடுத்தார். "செப்டம்பர்ல திரும்ப எழுது. இத வரிசையா படி. ஆரம்பிக்கறவங்களுக்கு இதவிட நல்ல வழி யாரும் போட்டுக் குடுத்ததில்ல. எழுதின அம்மா தங்கமானவங்க, யாரு என்ன கேட்டாலும் அலுக்காம பதில் போடுவாங்க."

தலைப்புக்குக் கீழே உன் பெயர்.

ஒன்பது புத்தகங்கள். ஒன்பதாவதற்கு எதிரே நீ எழுதியிருப்பதை உனக்கே எழுதுகிறேன்: 'இதைக் கடைசியில் படியுங்கள், அல்லது படிக்காமலே விடுங்கள். யாராவது இதில் தொடங்குவதைக் கண்டால் கையிலிருந்து பிடுங்கிவிடுங்கள். நல்ல பிள்ளைகள் பலர் இதில் தொடங்கித்தான் தமக்கு மூளையே இல்லை என்று முடிவுகட்டிப் போனார்கள்.' அக்டோபரில் எனக்கு வந்தது அது. ஜனவரியில் எட்டாவது. பிப்ரவரியில் ஏழாவது.

ஊர்பேர் தெரியாதவன் கையிலிருந்து பிடுங்கச் சொன்னதை என் கையில் கொடுத்தாய். குளிர்காலம் முழுக்க என்னை நானே முட்டாள், முட்டாள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். லமாண்டிடம் உனக்காகச் சண்டை போட்டேன். வராதா என்று கேட்டேன், வராது என்றாய். நீயெல்லாம் ஒரு மனுஷியா?

முதலாவதாகப் போட்டிருப்பது நீயே எழுதிய புத்தகம். அதை அனுப்பு, கொஞ்சமாவது வெட்கமிருந்தால்.

ரெய்னோ


ஏப்ரல் 2

ரெய்னோ,

வெட்கமெல்லாம் இல்லை. தாமதமாகக் கண்டுபிடித்தாயே என்றுதான் இருக்கிறது. என் மாணவனாக இருந்தால் ஜனவரியிலேயே பிடித்திருப்பான்.

எங்கே நிற்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டாயாக்கும். உனக்கு அது எப்போது தெரிந்திருக்கிறது? ஆற்றுப்பாலத்தில் தெரிந்ததா?

உனக்கு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தோளில் அறுந்த நரம்பை ஆறு மாதத்துக்குள் ஒட்டினால் விரல்கள் அசையும் என்றார் டாக்டர். முழுக்க இல்லை, ஒரு பேனா பிடிக்கிற அளவுக்கு. நீ கூண்டில் சொன்னதை வைத்துக்கொண்டு, விபத்தில் பாதி இவள் தவறு என்று இன்ஷூரன்ஸ்காரன் இழுத்தடித்தான். கையெழுத்து வாங்கி ஆபரேஷன் தேதி வந்தபோது வருஷம் முடிந்திருந்தது. டாக்டர் ஊசியால் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்றார். மரம் என் கையைப் பாதிதான் எடுத்தது. மீதியை எடுத்தது நீ, கோட்டு டை போட்டுக்கொண்டு, ஐந்து வார்த்தையில்.

அதற்குப் பதிலாக நான் எடுத்தது உன்னுடைய ஒரு குளிர்காலம். அதுவும் கொஞ்ச நேரம் உன்னை நீயே முட்டாள் என்று நினைக்க வைத்தேன், அவ்வளவுதான். நினைத்தால் எனக்குத் தூக்கம் நன்றாகவே வருகிறது.

அந்த முதல் புத்தகம். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, சௌனா நீராவி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அந்த வருஷம் எழுதியது. "எனக்குப் புரியற மாதிரி யாருமே சொல்லல" என்று கதவுக்கு உள்ளிருந்து அழுதாய். அதைக் கேட்டுத்தான் எழுதினேன். முதல் பக்கத்தில் 'ரெய்னோவுக்கு' என்று போட்டிருந்தேன். உதாரணத்துக்கெல்லாம் நம் நாய் ஹிப்பு, உன் தூண்டில் பெட்டி, நீ ஏரியில் தவறவிட்ட செருப்பு. கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தேன். "சூப்பர்க்கா, இன்னிக்கே படிச்சுடறேன்" என்றாய்.

காரிலிருந்து எடுத்த சாமான்களைப் போலீஸ்காரர் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். அதில் அந்தப் புத்தகம் இருந்தது. கடை பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. நான்கு வருஷம் உன் இருக்கைக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. இரண்டாம் பதிப்பில் அந்த முதல் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. அந்த வகுப்பில் உன்னைச் சேர்ப்பதற்கு, பாதிக்கப்பட்டவருக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டு உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு தாள் வந்தது. பதிலை உறையில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். உன் முதல் கடிதத்துக்கு முந்தின வாரம் வந்தது அது. ஆக, நீ புத்தகத்துக்காக எழுதவில்லை, என் கையெழுத்துக்காக எழுதியிருக்கிறாய்.

ஆட்சேபணை இல்லை என்று நான் சொல்ல வேண்டுமா? ஒரு வரி எழுதி அனுப்பு. 'ஸ்டீரிங்கை ஐலி தொடவே இல்லை.' அடியில் உன் பெயர். வேறு மன்னிப்பு, கண்ணீர் எதுவும் வேண்டாம்.

ஐலி


செப்டம்பர் 18

ஐலி,

தேறிவிட்டேன். முப்பத்தொரு பேரில் இரண்டாவது. கிளேபோர்ன் பாடக் குறிப்புகளை நகலெடுத்துக் கொடுத்தார், அதுவே போதுமானதாக இருந்தது. காலிப் பட்டியலுக்குப் பூஜ்யம் என்று முதல் வரியிலேயே எழுதினேன். வராது என்றாயே, வந்துவிட்டது. உன் புத்தகம் இல்லாமலே வந்துவிட்டது.

இத்தனை மாதம் பதில் போடாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். அந்த வரியை நான் எழுத முடியாது. எழுதினால் பொய்ச் சத்தியம் என்று இன்னும் ஐந்து வருஷம் சேரும், வக்கீல் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்கிறார். வேண்டுமானால் நேரில் வா. என்ன கேட்கிறாயோ அதைக் காதில் சொல்கிறேன். நடந்தது என்னவென்று உனக்கே தெரியும்போது அதைக் காகிதத்தில் பார்த்து என்ன செய்யப் போகிறாய்? விரல் அசையுமா?

அந்தத் தாள் வரும் என்று எனக்கு முன்பே தெரியும்தான். தெரிந்துதான் எழுதினேன். காரியமில்லாமல் இங்கிருந்து யார் யாருக்கு எழுதுகிறார்கள்? ஆனால் புத்தகமும் வேண்டியிருந்தது. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் நம்ப வேண்டுமென்றால் உனக்கு எது வசதியோ அதை நம்பு.

நீ கையெழுத்துப் போடாமல் இருக்கமாட்டாய், ஐலி. கத்துவாய், குத்துவாய், கடைசியில் செய்வாய். சின்ன வயசிலிருந்தே அப்படித்தானே. என் ஹோம்வொர்க்கைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பிறகு நீயே உட்கார்ந்து எழுதித் தருவாய். வருகிற திங்கட்கிழமை பெயர்களை ஒட்டுகிறார்கள். என் ஜன்னலோரப் படுக்கை தனக்குத்தான் என்று லமாண்ட் இப்போதே போர்வையைச் சுருட்டி வைத்திருக்கிறான்.

ரெய்னோ


ஹௌட்டன்
அக்டோபர் 6

ரெய்னோ,

திங்கட்கிழமை ஒட்டிய தாளில் உன் பெயர் இருந்திருக்காது. ஏன் என்று இந்நேரம் சொல்லியிருப்பார்கள். எப்போது என்பதைச் சொல்லியிருக்கமாட்டார்கள், அதை நான் சொல்கிறேன்.

அந்தத் தாளைப் போன வருஷமே அனுப்பிவிட்டேன். உன் முதல் கடிதம் வந்த அன்று, உனக்குப் புத்தகம் ஆர்டர் செய்வதற்கும் முன்னால். 'ஆட்சேபணை உண்டு' என்ற கட்டத்தில் இடது கையால் குறி போட்டேன். கோணலாக விழுந்தது. தேர்வில் தேறியவர்களின் உறையை மட்டும்தான் அங்கே பிரிப்பார்களாம். மார்ச்சில் தோற்றாய், யாரும் பிரிக்கவில்லை. இப்போது தேறினாய், பிரித்தார்கள். கேட்டால்தான் உறையைப் பிரிப்பது; எட்டாவது புத்தகத்தில் இதுவரைக்கும் புரிந்தது என்று எழுதியிருந்தாயே.

ஆகவே தலைகீழாகப் படித்திருந்தாலும் நேராகப் படித்திருந்தாலும் உனக்கு இடம் கிடையாது. முப்பத்தொரு பேரில் முதலாவதாக வந்திருந்தாலும் கிடையாது.

ஆட்சேபணையை இடையில் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று அந்தத் தாளின் பின்பக்கம் போட்டிருந்தது. ஏப்ரலில் அந்த ஒரு வரியைக் கேட்டபோது அதற்கான தாளையும் வரவழைத்து, நிரப்பி, உறையில் போட்டு ஸ்டாம்ப் ஒட்டி, நாற்காலி அருகில் வைத்திருந்தேன். கோடை முழுக்க தபால்காரி வண்டி திரும்புகிற சத்தத்துக்கு எழுந்து எழுந்து போனேன். நீ எழுதியிருந்தால் அந்த வரியை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கோர்ட்டுக்குக் கொண்டு போயிருப்பேனோ என்னவோ. ஒரு தரம் உன் எழுத்தில் படிக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு அவமானமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பரில் உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு அந்த உறையை அடுப்பில் போட்டேன். கடைசியில் செய்வாய் என்று எழுதியிருந்தாய். கடைசி எது என்று மட்டும் நீ ஒருபோதும் எழுதுவதில்லை.

ஆனால் புத்தகத்துக்கு வாக்குக் கொடுத்தவள் நான். பட்டியலில் மிச்சமிருப்பதில் முதலாவது உனக்கு வருகிறது. இரண்டாம் பதிப்பு. தூண்டில், செருப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நாயின் பெயரை மாற்ற மட்டும் மனம் வரவில்லை, மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கும். தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல புத்தகம் கிடையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உனக்கு நேரமும் நிறைய இருக்கிறது.

பிளாஸ்டிக் உறையை அங்கே அலுவலகத்திலேயே கிழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த வேலையும் உனக்கு மிச்சம்.

ஐலி